மூன்றாவது மாடிக்காரர்களின் சாப்பாடு

மூன்றாவது மாடிக்கு யாரை மாற்றியிருக்கிறார்கள் என்று சாப்பாட்டுக் கடை மொராவுக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. சாப்பிடுகிறதைப் பார்த்தாலே தெரிந்துவிடும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் உகாலிக் களியோடு மாட்டுக்கறிக் குழம்பு கேட்பார்கள். எலும்பு கிடைத்தால் கடைசிவரை உறிஞ்சுவார்கள். கொஞ்ச நாளில், குழம்பு மட்டும் ஊத்துங்கக்கா, கறித்துண்டு வேண்டாம் என்பார்கள். அப்புறம் கீரை. அதற்கும் அப்புறம் வெறும் டீ. அதையும் பாதியில் வைத்துவிட்டு எழுந்து போவார்கள்.

முதல் இரண்டு மாடிகளில் இருப்பவர்கள் போன் எடுக்கிறவர்கள். எங்கோ வெளிநாட்டில் ஒருவனுக்குப் பார்சல் வரவில்லை, ஒருத்திக்குப் பில் தப்பாக வந்திருக்கிறது என்றால் நைரோபியில் இவர்கள்தான் வசவு வாங்கிக்கொள்வார்கள். அவர்கள் நன்றாகச் சாப்பிடுவார்கள். மூன்றாவது மாடி வேறு. உலகத்தில் யார் யாரோ ஏற்றிவிடுகிற வீடியோக்களில் எது ஆகாதது என்று பார்த்து நீக்குகிற வேலை. பார்த்தால்தானே நீக்க முடியும்? தினம் எட்டு மணி நேரம் பார்க்கிறார்கள். என்ன பார்த்தோம் என்று பெற்ற தாயிடம்கூடச் சொல்லக் கூடாது. சேருகிற அன்றைக்கே அதற்குக் கையெழுத்து வாங்கிவிடுவார்கள்.

மொராவின் கடை கம்பெனி மதிலை ஒட்டிய தகரக் கொட்டகை. மூன்று பெஞ்சு, இரண்டு கரியடுப்பு. மதிலுக்கு வெளியேயும் ஆறடி நிலம் கம்பெனியுடையதுதான். கடை வைத்துக்கொள்ளலாம் என்று நிர்வாகம் கொடுத்த கடிதத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுத் தகரத்தில் அடித்து வைத்திருந்தாள். போன வருஷம் நகரசபை லாரி வந்து அந்தத் தெருவில் இருந்த ஏழு கடைகளை அள்ளிக்கொண்டு போனது. இவள் கடிதத்தைக் காட்டினாள், விட்டுவிட்டார்கள். கடை நின்றதால்தான் மகள் கெமுந்தோ எல்டோரெட்டில் நர்சுக்குப் படித்துக்கொண்டிருக்கிறாள்.

அந்த வாரம் மூன்று நாளாக ஒரு புது ஆள் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். கழுத்தில் அரசாங்க அட்டை, கக்கத்தில் ஒரு கட்டுக் காகிதம். பெயர் முட்டிசோ, அமைச்சகத்தில் அதிகாரி. வெளிநாட்டுக் கம்பெனிகளின் வேலையை இங்கே செய்துகொடுக்கிற இந்தத் தொழிலுக்குத் தேசியக் கொள்கை எழுதுகிறார்களாம். வரைவு அவன் கையில் இருந்தது.

"சார், இந்தக் கொள்கை வந்தா எங்களுக்கு என்ன வரும்?" என்று ஒபுயா ஆரம்பித்தான். இரண்டாவது மாடியில் போன் எடுக்கிறவன். வாய் சும்மா இருக்காது.

"அஞ்சு வருஷத்துல ஒரு லட்சம் வேலை வரும்."

"வர்ற வேலை வரட்டும் சார். இருக்கிற வேலையில ஒண்ணுக்குப் போக எத்தனை நிமிஷம்னு அதுல எழுதியிருக்கா? எங்க சூபர்வைசர் கையில கடிகாரம் வெச்சுக்கிட்டு வாசல்ல நிக்கிறான்."

பெஞ்சு முழுக்கச் சிரித்தது. முட்டிசோவும் சிரித்தான். காகிதத்தைப் புரட்டி ஒரு வரியைப் படித்தான். "இளைஞர்களுக்குத் தூய்மையான, ஆபத்தில்லாத வேலைவாய்ப்பு. முதல் பக்கத்துல இப்படித்தான் இருக்கு."

அதற்கு யாரும் சிரிக்கவில்லை. மூலையில் நாஃபுலா டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். இருபத்தாறு வயசு. மூன்றாவது மாடிக்குப் போய் இரண்டு மாசத்துக்கு மேல் ஆகிறது.

"ஆபத்தில்லாதது," என்றாள் அவள், கிளாஸைப் பார்த்துக்கொண்டே.

"தப்புன்னா சொல்லும்மா," என்றான் முட்டிசோ. "வியாழக்கிழமை கருத்துக் கேட்புக் கூட்டம் இருக்கு. படிவத்துல எழுதிக் குடுத்தா ஒவ்வொண்ணுக்கும் அரசாங்கம் பதில் சொல்லியாகணும், ஏத்துக்கிட்டோம் இல்லைன்னு. சட்டமே அப்படி."

"பேர் போடணுமா?"

"பேர், அடையாள அட்டை நம்பர், கையெழுத்து. மூணும் இல்லைன்னா சேராது."

"அப்ப சேராது சார்," என்று நாஃபுலா எழுந்துவிட்டாள்.

முட்டிசோ களியைப் பிசைந்துகொண்டே இருந்தான், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. "எனக்கும் தெரியுதுக்கா. பத்து கம்பெனி வாசல்ல நின்னு பாத்துட்டேன். ஆனா நானா ஒரு வரி எழுத முடியாது. யாராவது சொல்லணும், நான் எழுதணும்."

மொரா கரண்டியைக் குழம்பில் விட்டுவிட்டு நிமிர்ந்தாள். "உள்ள வேலை பாக்கறவங்கதான் சொல்லணுமா?"

"யார் வேணாலும் சொல்லலாம். நாட்டுப் பிரஜையா இருந்தாப் போதும்."

"எங்கிட்ட யாரும் கையெழுத்து வாங்கலையே."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்தது. பின்னால் தகரத்தில் கடிதம் தொங்கிக்கொண்டிருந்தது. பேச்சை மாற்றி, இன்னும் கொஞ்சம் கீரை வைக்கட்டுமா என்று கேட்டாள்.

அவளுக்கு வீரமெல்லாம் கிடையாது. கெரிச்சோவில் தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டில் பிறந்தவள். பத்து வயசில் முதுகில் கூடை ஏறிவிட்டது. அப்பா அங்கே மருந்து தெளித்தார். முகத்துக்கு ஒரு துணிகூடத் தரவில்லை. தோட்டத்துப் பதிவேட்டில் அவருடைய வேலைக்குப் பெயர் இலகுவேலை. நாற்பத்தெட்டு வயசில் இருமி இருமிச் செத்தார். ஒருத்தரும் எங்கேயும் போய் ஒன்றும் சொல்லவில்லை. லைன் வீட்டை விட்டுத் துரத்திவிடுவார்கள் என்ற பயம். அந்தப் பயம் தப்பென்று மொரா இன்றைக்கும் நினைக்கவில்லை. வீடு போனால் எங்கே போய் நிற்பது?

புதன்கிழமை மதியம் அவள் கறி வெட்டிக்கொண்டிருந்தாள். டீ கேட்டு வந்த நாஃபுலா கத்தி எலும்பில் இறங்குகிற சத்தத்தைக் கேட்டதும் திரும்பி மதிலோரம் ஓடினாள். வாந்தி எடுத்தாள். வயிற்றில் ஒன்றும் இல்லை, வெறும் பித்தம். மொரா தண்ணீர் கொண்டுபோய் முதுகைத் தடவினாள்.

"மன்னிச்சிருங்கக்கா. உங்க கடை வாசல்ல..."

"வாசல் கழுவினாப் போயிடும். நீ உக்காரு."

"முடியாதுக்கா. இன்னும் நாலு நிமிஷம்தான் இருக்கு." வாயைக் கொப்பளித்து, முகத்தைத் துடைத்து, கழுத்து அட்டையை நேராக்கிக்கொண்டு கேட்டுக்குள் ஓடினாள். நாலு நிமிஷத்தில் மறுபடியும் போய் அதையே பார்க்க வேண்டும்.

வியாழக்கிழமை மொரா கடை திறக்கவில்லை.

சமூகக் கூடத்தில் பாதி நாற்காலிகளில் கம்பெனிச் சட்டைகள். வேனில் கூட்டி வந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் பணியாளர் மேலாளர் வங்கேசி மேடம் மடியில் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள். கம்பெனிச் சட்டைகள் ஒவ்வொன்றாக எழுந்து மைக்கைப் பிடித்தன. வேலை கொடுத்ததற்கு நன்றி. வரிச்சலுகை வேண்டும். மின்சாரம் மலிவாக வேண்டும். இணையம் வேகமாக வேண்டும். ஒபுயா எழுந்து அதையே சொல்லிவிட்டு, மொரா பக்கம் திரும்பாமல் உட்கார்ந்தான். அவனுக்கு இரண்டு தம்பிகள். அவள் கோபப்படவில்லை.

முட்டிசோ மொராவின் பெயரைக் கூப்பிட்டான், எழுந்து போனாள். மைக் வாய்க்கு மேலே நின்றது, இறக்கத் தெரியவில்லை. அதற்குக் கீழே நின்றே பேசினாள்.

"நான் சாப்பாடு விக்கறவ," என்றாள். பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். "சிரிங்க. நீங்க பாதிப்பேர் என் கையால சாப்பிட்டவங்கதான். வீடியோ பாக்கற வேலைக்குப் போற புள்ளைங்க மூணே மாசத்துல கறி சாப்பிடறதை விட்டுடறாங்க. அப்புறம் சாப்பாட்டையே விட்டுடறாங்க. நாலு வருஷமா பாக்கறேன். ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல, எல்லாரும். இதைப் போய் ஆபத்தில்லாத வேலைன்னு எழுதாதீங்க. ஆபத்துன்னு எழுதுங்க. டாக்டர் வெக்கணும்னு எழுதுங்க. கொஞ்ச நாள் பாத்தா வேற மாடிக்கு மாத்தணும்னு எழுதுங்க."

மேடையில் இருந்த கூட்டத் தலைவர் கண்ணாடியை இறக்கினார். "அம்மா, நீங்க மருத்துவம் படிச்சவங்களா?"

"இல்லைங்க."

"அந்தக் கம்பெனிக்குள்ள போயிருக்கீங்களா?"

"இல்லைங்க. ஐயாவுக்கு வீட்டுல சாப்பாடு போடறவங்களும் ஆபீசுக்கு வந்து பாத்திருக்க மாட்டாங்க. ஐயாவுக்கு எந்த நாள் நல்ல நாள், எந்த நாள் கெட்ட நாள்னு அவங்களுக்குத் தெரியுமா தெரியாதா?"

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி வந்தது. கம்பெனிச் சட்டைகளுக்குள்ளிருந்தும் வந்தது. தலைவரும் சிரித்துவிட்டு, எழுதிக் கொடுங்கள் என்றார். மொரா எழுதினாள். பெயர், அட்டை நம்பர், கையெழுத்து. வங்கேசி மேடம் நோட்டில் ஏதோ குறித்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை பதினோரு மணிக்கு, கூட்டம் இல்லாத நேரமாகப் பார்த்து, மேடம் கடைக்கு வந்தாள். இத்தனை வருஷத்தில் அவள் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. டீ வேண்டாம் என்றாள். பைக்குள்ளிருந்து தட்டச்சு செய்த ஒரு காகிதத்தை எடுத்து வைத்தாள்.

"குடுத்த கருத்தை ஏழு நாளுக்குள்ள திரும்ப வாங்கிக்கலாம். இதுல கையெழுத்துப் போட்டாப் போதும். கடை இப்படியே இருக்கும். தண்ணிக் குழாய்கூட உள்ளேருந்து இழுத்துக் குடுக்கச் சொல்லியிருக்காங்க."

"போடலைன்னா?"

"அந்தக் கடிதத்தை நான் வாங்கிட்டுப் போகணும். நாளைக்கு நகரசபைக்குச் சொல்லிடுவாங்க."

மொரா அடுப்பை ஊதினாள். ஊத வேண்டிய தேவையில்லை, கரி நன்றாகத்தான் எரிந்தது. கெமுந்தோவுக்கு இன்னும் ஒன்றரை வருஷப் படிப்பு பாக்கி. "என் ஒருத்தி பேச்சுக்கா இவ்வளவு பயம்? அங்க எத்தனையோ பேர் எழுதிக் குடுத்தாங்க."

"நூத்திப் பதினேழு படிவம். மூணாவது மாடியைப் பத்தி உங்களது ஒண்ணுதான். நீங்க எடுத்துட்டா அந்தப் பேச்சே இல்லை."

கேட்டுக்குள்ளே ஏதோ மணி அடித்தது. மொராவின் கண் மதிலோரம் போனது. நாஃபுலா குனிந்து நின்ற இடத்தில் இப்போது ஒன்றும் இல்லை, அன்றைக்கே கழுவிவிட்டாள். எழுந்துபோய்த் தகரத்தில் இருந்த ஆணியைக் கத்தி முனையால் நெம்பி, கடிதத்தை உறையோடு எடுத்து மேடத்தின் கையில் வைத்தாள்.

"இந்தாங்க. நீங்களும் ஒரு வாய் டீ குடிச்சிருக்கலாம்."

மேடம் உடனே எழுந்திருக்கவில்லை. கேட்டுப் பக்கம் ஒரு தடவை பார்த்தாள். பிறகு குரலை இறக்கி, "மூணு மாசம்னு எழுதியிருக்கீங்க. தப்பு," என்றாள்.

"என்ன தப்பு?"

"ஆறு வாரம். அங்க போற எல்லாரும் ஆறாவது வாரம் லீவு கேக்க ஆரம்பிச்சுடறாங்க. தூக்கம் வரலைன்னு, நெஞ்சு படபடக்குதுன்னு. எல்லாக் காகிதமும் என் மேசைக்குத்தான் வருது. நீங்க தட்டைப் பாக்கறீங்க. அது கொஞ்சம் பிந்தித் தெரியும்."

மொரா அவளையே பார்த்தாள். "இதையும் சொல்லிட்டுக் கடிதத்தையும் வாங்கிட்டுப் போறீங்களே மேடம்."

"கடிதம் வாங்கச் சொன்னது அவங்க. மத்தது நான் சொன்னது." பையை மூடினாள். "நானும் கையெழுத்துப் போட்டவதான். எனக்கு மூணு புள்ளைங்க. நான் இங்க வந்து ஒண்ணும் சொல்லலை."

"நீங்க வந்தீங்க, கடிதத்தை வாங்கினீங்க, போனீங்க. கேட்டா அவ்வளவுதான் சொல்வேன்."

மதியம் கடைசித் தட்டைக் கழுவிக் கவிழ்த்ததும் மொரா மத்தாத்து வேன் ஏறி அமைச்சகத்துக்குப் போனாள். பதினோராவது மாடி. முட்டிசோ எங்கோ கூட்டத்தில் இருந்தான். கவுண்டரில் இருந்த பெண் கட்டைத் தேடி இவளுடைய படிவத்தை எடுத்தாள்.

"திரும்ப வாங்க வந்தீங்களா? காலையில ஒரு கம்பெனியிலேருந்து போன் வந்துச்சு, ஒரு அம்மா வருவாங்கன்னு."

"திருத்த வந்தேன். பேனா குடும்மா."

மூன்று மாதம் என்பதை ஒரே கோட்டில் அடித்து மேலே ஆறு வாரம் என்று எழுதினாள். பக்கத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள், போட்டாள்.

"பாதியா குறைஞ்சிருச்சே. யார் சொன்னாங்க?" என்றாள் அந்தப் பெண். கேட்டது சும்மாதான், சந்தேகமில்லை.

"யார் சொல்லணும்? சாப்பாடு போடறவ நான். முதல்ல எழுதும்போது சரியா யோசிக்கலை. இப்ப ஒவ்வொருத்தரா நினைச்சுப் பாத்தேன்."

"சரி. பதில் தபால்ல வரும். விலாசம், கம்பெனி மதிலோரம் சாப்பாட்டுக் கடைன்னு போட்டிருக்கீங்க."

"அதை அடிச்சிடு."

"வேற எதைப் போட?"

"ரோட்டுக்கு அந்தப் பக்கம் பெட்ரோல் பங்குக்குப் பின்னாடி இடம் கேட்டு வெச்சிருக்கேன். குடுப்பானா மாட்டானான்னு போய்த்தான் பாக்கணும். இப்போதைக்குப் போன் நம்பரைப் போட்டுக்கோ."

அந்தப் பெண் எழுதத் தயாரானாள். மொரா ஒவ்வோர் எண்ணாக, அவள் பேனா நின்று நிமிரும்வரை காத்திருந்து சொன்னாள்.