நாற்பத்தேழாவது கேள்வி

1

இந்தக் கதை பிறந்தது நான் சொல்லாமல் விட்ட ஒரு விஷயத்திலிருந்து. செம்மநத்தத்தில் முத்தாயி என்று ஒருவர் இருக்கிறார். தன் மருமகள் செத்ததற்குத் தான்தான் காரணம் என்று நம்பிக்கொண்டிருக்கிறார். அப்படி இல்லை என்று எனக்குத் தெரியும். பதினோரு மாதமாகத் தெரியும்.

என் பெயர் ஜெஸ்லின். ஏற்காட்டுக்காரி. மலைக் கிராமங்களில் கர்ப்பிணிகளின் உடல்நிலை எப்படி இருக்கிறது, அவர்களுக்குத் துணையாக யார் இருக்கிறார்கள் என்று ஓர் ஆய்வு நடக்கிறது. அதற்காக வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்பது என் வேலை. மொத்தம் அறுபத்திரண்டு கேள்விகள். வரிசை மாறக் கூடாது.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

சேர்வராயன் மலையில் பனி இறங்கிக்கொண்டிருந்த ஒரு மாலையில் –

நிறுத்திவிட்டேன். அன்றைக்குப் பனியே இல்லை, நல்ல வெயில். பனி என்று எழுதினால் எனக்கு எதுவும் சரியாகத் தெரியவில்லை என்று ஆகிவிடும். எல்லாம் தெரிந்தது.

இரண்டாவது தொடக்கம்:

கீர்த்திகா, வயது இருபது, எட்டாம் மாதம், முதல் பிரசவம், மாமியார் முத்தாயி, கணவர் விஜயகுமார் திருப்பூரில் பனியன் கம்பெனியில் –

இது அறிக்கை நடை. இதில் அவளால் சிரிக்க முடியாது. அவள் நன்றாகச் சிரிப்பாள். முதல் தடவை போனபோது, "வீட்டில் முடிவெடுப்பவர் யார்?" என்று கேட்டதற்கு, "எங்கூட்டு ஆடுங்கக்கா. அது கத்துனாத்தான் நாங்க எந்திரிப்போம்" என்றாள். ஆட்டுக்கு ஃபார்மில் கட்டம் இல்லை. 'பிறர்' என்பதில் டிக் போட்டேன்.

(அந்தச் சிரிப்பை இப்போது கூட்டி எழுதுகிறேனோ என்று சந்தேகமாக இருக்கிறது. செத்தவர்களைப் பற்றி எழுதும்போது கை தானாக அவர்களை அழகாக்கிவிடுகிறது. ஆடு நிஜம்.)

3

மூன்றாவது தடவை போனது ஒரு செவ்வாய்க்கிழமை, மதியம் மூன்று மணிக்கு. காபிப் பழம் பறிக்கிற காலம், முத்தாயி எஸ்டேட்டுக்குப் போயிருந்தார். கீர்த்திகா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். முகம் உப்பியிருந்தது.

"ஏனுங்கக்கா, இன்னிக்கே கேக்கோணுங்களா? தலை நொம்ப வலிக்குதுங்க."

"சீக்கிரம் முடிச்சரலாம் கண்ணு."

பன்னிரண்டாவது கேள்வியில் நெற்றியைப் பிடித்துக்கொண்டாள். இருபதாவதில் சுவரில் சாய்ந்துகொண்டாள். முப்பத்தொன்றாவது கேள்வி, மனம் சோர்ந்திருக்கும்போது யாரிடம் பேசுவீர்கள் என்பது.

"அவரு வேலைல இருப்பாரு, போனு எடுக்க மாட்டாருங்க. அத்தைகிட்ட சொன்னா பயந்துக்குவாங்க." கொஞ்சம் யோசித்தாள். "நீங்கதான் வாரீங்கள்லக்கா. உங்ககிட்டத்தான்."

அந்த நேரத்தில் கீழே ரோட்டில் மூன்றரை மணி பஸ், அன்றைக்குக் கடைசி பஸ், ஏற்காட்டுக்குப் போகிற சத்தம் கேட்டது. இரண்டு பேருக்கும் கேட்டது. நான் அடுத்த கேள்விக்குப் போனேன்.

நாற்பத்தேழாவது கேள்வி: கடந்த ஒரு வாரத்தில் கடுமையான தலைவலி, பார்வை மங்குதல், முகவீக்கம் ஏதேனும் இருந்ததா?

"காலைல இருந்து புகை மூடுன மாதிரி இருக்குதுங்க. உங்க முகங்கூடத் தெளிவாத் தெரியலீங்க."

மூன்று டிக். மூன்றும் சேர்ந்து இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போயாக வேண்டும் என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். வீக்கத்தை நான் வாசலிலேயே பார்த்தேன். தலைவலியை அவளே சொன்னாள். ஆனால் ஃபார்மில் அது நாற்பத்தேழாவதாகத்தான் வரும். அதுவரை காத்திருந்தேன்.

அதற்குப் பிறகும் பதினைந்து கேள்விகள் இருந்தன. அவற்றையும் கேட்டேன்.

4

முத்தாயி வந்தபோது ஐந்து மணி தாண்டிவிட்டது. பரிந்துரைச் சீட்டை அவர் கையில் கொடுத்து, "உடனே கூட்டிட்டுப் போங்கம்மா" என்றேன்.

(பொய். இந்த வரியை நான்கு தடவை அடித்து எழுதினேன். 'உடனே' என்று நான் சொல்லவில்லை. "ஆஸ்பத்திரியில காட்டிருங்கம்மா" என்றுதான் சொன்னேன்.)

"பஸ்ஸு போயிருச்சே கண்ணு. காலைல மொத பஸ்ஸுக்குக் கூட்டிட்டுப் போறேன்."

108-ஐக் கூப்பிட்டிருக்கலாம். என் ஸ்கூட்டர் வாசலில்தான் நின்றது. "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

விடியும்போது வலிப்பு வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் மலை இறங்குவதற்குள் கீர்த்திகா போய்விட்டாள். வயிற்றிலிருந்த குழந்தையும்.

என் ஃபார்மைச் சரிபார்த்தவர் மேலே எழுதியது இது: மூன்றாம் நேர்காணல், முழுமை.

5

ஒரு முடிவு எழுதி வைத்திருக்கிறேன். அதில் அவள் முகத்தைப் பார்த்ததும் ஃபார்மைப் பைக்குள் வைத்துவிடுகிறேன். கையைப் பிடித்து ரோட்டுக்கு இறக்கிக் கூட்டிப்போகிறேன். பஸ் நிற்கிறது. யாரோ எழுந்து அவளுக்கு ஜன்னலோர சீட்டைக் கொடுக்கிறார்கள். மூன்று பக்கம், நன்றாகவே வந்திருக்கிறது. கிழிக்க மனம் வரவில்லை. இங்கே சேர்க்க எனக்கு உரிமையும் இல்லை.

இன்னொன்றில் முத்தாயியிடம் எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு –

இல்லை.

நடந்ததைச் சொல்கிறேன். போன மாதம் செம்மநத்தம் போனேன், சொல்வதற்காகத்தான். முத்தாயி காட்டில் களை எடுத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் வரப்புக்கு வந்து உட்கார்ந்தார்.

"காலைல போலாம்னு நாந்தானே கண்ணு சொன்னேன். நீ சீட்டெல்லாம் எழுதிக் குடுத்தே. எம்புத்திதான் கெட்டுப்போச்சு. எம்பையன் எங்கிட்டப் பேசறதே இல்ல."

"அப்படியில்லீங்கம்மா. அன்னைக்கு நான்…"

"நீ என்ன பண்ணுவே. அவ உம்மேல உசுரா இருந்தா. நீ வர்ற நாளுன்னா தலை சீவிட்டு ஒக்காந்திருப்பா."

அவரோடு சேர்ந்து கொஞ்ச நேரம் களை பிடுங்கிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

6

முத்தாயிக்குப் படிக்கத் தெரியாது. விஜயகுமாருக்குத் தெரியும். இதை அவருக்கு அனுப்பினால் அவர் தன் அம்மாவோடு பேசக்கூடும். என் வேலை போகும், அது பெரிதில்லை. ஆனால் தன் மருமகளுக்கு ஒரு நல்ல துணை இருந்தது என்று முத்தாயி நினைத்துக்கொண்டிருக்கிறார். அவருக்கு மிச்சமிருப்பது அது ஒன்றுதான். அதையும் நான் எடுத்துவிடுவேன். இது நிஜமான காரணமா, சொல்லாமல் இருக்க நான் பிடித்துக்கொண்ட சாக்கா என்று எனக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை.

இந்தக் கதைக்கு என்னிடம் முடிவு கிடையாது. இன்றைக்கும் முத்தாயி காட்டில்தான் இருப்பார். மகன் கூப்பிட்டிருக்க மாட்டார். இது தெரிந்தவள் நேற்றுவரை நான் ஒருத்திதான். இப்போது உங்களுக்கும் தெரியும்.