வாசலில் நிற்பவன்

படத்தில் நிற்பது தான்தான் என்று குணாளனுக்குப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அதே கத்தரித்த மீசை. இடது கன்னத்து மருவைக்கூட விட்டுவைக்கவில்லை. ரெங்கம் ஊருக்கு வெளியே இருக்கும் செம்பனை எண்ணெய் மில்லில் பத்தொன்பது வருஷமாக ஆட்களை வேலை வாங்குகிற மண்டோராக இருக்கிறான். அவனை ஒருத்தரும் இதுவரை படமாக எழுதியதில்லை. வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

எழுதியவன் தபன். வங்காளத்தில் மேதினிபூர் பக்கம், சுருள்படம் விரித்துக் கதை பாடுகிற குடும்பம். இங்கே கழிவு டேங்கி கழுவுகிறான். பழைய காலண்டரின் பின்பக்கத்தில் மஞ்சளும் விளக்குக்கரியும் வைத்துச் சக்கரவியூகம் போட்டிருந்தான். ஏழு வட்டம், நடுவில் அபிமன்யு. அபிமன்யுவுக்குக் கண் மட்டும் இல்லை. வெளி வட்டத்து வாசலில் இரண்டு கையையும் விரித்து நிற்பவன்தான் குணாளன்.

"வீரன் வேஷம் மண்டோருக்கு நல்லாத்தான் பொருந்துது லா," என்றான் ஃபிட்டர் செல்வா.

"கண்ணு ஏன்டா வைக்கல?" என்று குணாளன் கேட்டான்.

"எங்க ஊர்ல கண் கடைசி, அண்ணே. டேங்கி முடிச்சு வந்து வைக்கிறேன்." தபன் கொஞ்சம் தயங்கினான். "கேஸ் மீட்டர் வந்துடுச்சா?"

"வந்துடும், வந்துடும்."

வருஷா வருஷம் தீமிதிக்கு முன்னால் கோயிலில் பாரதம் கேட்டு வளர்ந்தவன் குணாளன். அந்த வாசலில் நின்றது யார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். புகழ்ச்சி தலைக்கேறினவனுக்கு அதற்கெல்லாம் எங்கே நேரம்? படத்தை ஆபீஸ் சுவரில் மாட்டிவிட்டுப் டேங்கியில் ஆள் இறக்க அனுமதி எழுதுகிற பர்மிட் புத்தகத்தை எடுத்தான்.

டேங்கிக்குள் விஷக்காற்றை அளக்கிற மீட்டர் ரிப்பேருக்குப் போய் இரண்டு வாரம் ஆகிறது. நாளைக்கு மில் ஓடியாக வேண்டும் என்று மேனேஜர் இரண்டு தடவை போன் போட்டுவிட்டார். நேற்று டேங்கி வாயில் அழுகின முட்டை நாற்றம் அடித்தது. இன்று காலையில் ஒரு நாற்றமும் இல்லை. விஷக்காற்று மிஞ்சிப்போனால் மூக்கே செத்துவிடும் என்று பயிற்சியில் சொன்னது அவனுக்கு ஞாபகம் இருந்தது. பயமாகவும் இருந்தது. போன தடவை எழுதிய காற்று அளவையே திரும்ப எழுதி, கீழே கையெழுத்துப் போட்டான்.

ஒன்பதே காலுக்குத் தபன் இறங்கினான். உள்ளே வேலை செய்துகொண்டே பாடினான். படத்தை விரிக்கும்போது பாடுகிற பாட்டு. டேங்கிக்குள்ளிருந்து வந்ததால் நாலு பேர் சேர்ந்து பாடுவது போல இருந்தது. பாட்டு ஒரு வரியின் பாதியில் நின்றது.

குணாளன் கூப்பிட்டான். தபன் இடுப்பில் கட்டியிருந்த கயிற்றை நாலு பேர் இழுத்தார்கள். உள்ளே எங்கோ குழாயில் சிக்கிக்கொண்டு அசையவில்லை. செல்வா போனை எடுத்துக்கொண்டு ஓடினான். தபனின் சித்தப்பா மகன் நிமாய் தொப்பியை வீசிவிட்டு ஏணிக்குப் பாய்ந்தான்.

குணாளன் குறுக்கே போய் நின்றான். "போகாதே. போனா நீயும் வரமாட்ட."

"காத்து நல்லா இருக்குனு நீங்கதானே எழுதுனீங்க, அண்ணே," என்றான் நிமாய். "அப்ப நான் ஏன் போகக்கூடாது?"

குணாளன் ஏணியை விட்டு நகரவில்லை. தன் இரண்டு கையும் விரிந்திருப்பதை அப்போதுதான் பார்த்தான். பிள்ளையை உள்ளே விட்டுவிட்டு, பின்னால் காப்பாற்ற வந்த சொந்தக்காரர்களை வாசலிலேயே மறித்து நின்றவன் ஜயத்ரதன். கோயிலில் எத்தனை வருஷம் கேட்ட கதை.

தீயணைப்புக்கார பொம்பா வண்டி வர இன்னும் இருபத்தைந்து நிமிஷமாகும் என்று செல்வா தூரத்திலிருந்து கத்தினான். அதுவரை குணாளன் கையை மடக்க முடியாது.