மிச்சிரு இறக்கிய எடை

ஜப்பானின் ஹமமாட்சு நகரில் குவபாரா ஷுன்சாகு வடிவமைத்துக்கொண்டிருந்தது ஒரு பொடிக் கார். பெட்ரோலும் பேட்டரியும் மாறி மாறி இழுக்கும் ஹைப்ரிட். அவன் வேலை செய்த தொழிற்கூடத்தில் மைலேஜ்தான் சாமி; எடை குறைந்தால்தான் வரம் கொடுக்கும்.

தினமும் காலையில், காரிலிருந்து அவரவர் கழித்த பொருளைத் தராசில் வைக்க வேண்டும். ஒரு போல்ட், ஒரு துண்டுத் தகடு, எதுவானாலும் எல்லோரும் கைதட்டுவார்கள். கிறுக்குக் கூட்டம்தான், ஆனால் சந்தோஷமான கிறுக்கு.

சோதனை ஓட்டத்தில் காரை ஓட்டுபவள் ஷுன்சாகுவின் மனைவி மிச்சிரு. ஒரு நாள் அவளும் விளையாட்டாகத் தராசில் ஏறினாள்.

"என் பங்கும் இருக்கட்டும். ரெண்டு கிலோ எறக்கியிருக்கேன்."

"நாம கிராம் கிராமா சுரண்டுறோம், அண்ணி கிலோ கணக்குல தர்றாங்கப்பா," என்றான் பேட்டரிக்காரன் ஒனோதெரா.

பலத்த கைதட்டல். அப்புறம் வாராவாரம் ஏறினாள், வாராவாரம் தட்டினார்கள். ஷுன்சாகுவுக்குப் பெருமை பிடிபடவில்லை.

வீட்டில் அவளுக்கு உயிரான விலாங்கு மீன் சோறு பாதிக் கிண்ணம் அப்படியே மிஞ்சியது.

"பசிக்கலைங்க."

"நல்லதாப் போச்சு. அடுத்த ஓட்டத்துல அசத்திடலாம்."

அந்த வாயை என்ன சொல்வது! காரில் ஒரு போல்ட் கூடினால் கண்டுபிடிக்கிற மனுஷன். பெண்டாட்டி கண்ணெதிரே உருகியது உறைக்கவில்லை.

ஒரு நாள் ஓட்டம் முடிந்து கார் நின்றது, அவள் இறங்கவில்லை. மயங்கிக் கிடந்தாள். வயிற்றில் புற்றுநோய், ஈரல்வரை பரவிவிட்டது என்றார் மருத்துவமனையில் டாக்டர்.

"இப்படி எளைச்சிருக்காங்களே, யாருமே கவனிக்கலையா?"

"கவனிச்சோம் டாக்டர்," என்றான் ஷுன்சாகு. "கைதட்டினோம்."

இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றானதும், வீட்டுக்குப் போகணும் என்றாள் மிச்சிரு. அழைத்து வந்து, வாசலில் அவளைக் கையில் தூக்கிக்கொண்டான். தூக்கிய கணமே அவள் எவ்வளவு கரைந்துவிட்டாள் என்பது அவன் கைகளுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் கைகளை அவன் வெறுத்தான்.

"இப்ப எவ்வளவு இருப்பேன்?" என்று கேட்டாள்.

"கனக்குறே. கொஞ்சம் ஏறியிருக்கே போல."

எடை விஷயத்தில் அவன் பொய் சொல்லி அவள் கேட்டதே இல்லை. அதனால் நம்பிவிட்டாள்.

"அய்யய்யோ, அப்ப உங்க மைலேஜ் போச்சே. மன்னிச்சுக்குங்க."

அவனால் மேலே நடக்க முடியவில்லை. செருப்பைக்கூடக் கழற்றாமல், அவளை மடியில் கிடத்திக்கொண்டு நடையிலேயே உட்கார்ந்து அழுதான்.