பக்கத்துக் காம்பரா வீரே

இரத்தினபுரியில் இருந்தபோது நான் முறுக்கைத் தேத்தண்ணியில் ஊறப்போட்டுத்தான் தின்பேன். பல்லில் கோளாறு எதுவும் இல்லை. கடித்தால் சத்தம் வரும். சத்தம் வந்தால் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் இருக்கிற வீரேவுக்குக் கேட்கும். தீபாவளி முடிந்த வாரத்தில் ஒருவன் அறைக்குள் இருந்து ‘கடக் கடக்’ என்று கடித்தால், அது என்ன பலகாரம், கடிக்கிறவன் யார் என்று ஊகிக்கப் பெரிய மூளை வேண்டாம்.

நான் றக்வானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்து ஆள். பெயர் ராமச்சந்திரன். தொண்ணூற்றாறில் டவுனுக்கு வந்து ஒரு ஹாட்வெயார் கடையில் ஆணி நிறுத்துக் கொடுக்கும் உத்தியோகத்தில் சேர்ந்தேன். தமிழ்ப் பெயரைச் சொன்னால் சோதனைச் சாவடியில் பஸ்ஸை விட்டு இறங்கி நிற்க வேண்டிய காலம் அது. ஆகவே கடையில் பெயர் கேட்டபோது பின்பாதியை மட்டும் சொன்னேன். அவர்கள் அதைச் ‘சந்தரே’ ஆக்கிக்கொண்டார்கள். சிங்களம் எனக்குத் தண்ணி பட்ட பாடு. எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் எல்லோருக்கும் அப்படித்தான். நான் மட்டும் அதை வைத்து வேறு மனிதனாகவே ஆகிவிட்டேன். காலையில் விபூதி பூசுவேன், சாமி கும்பிடுவேன், கதவைத் திறக்கு முன் துடைத்துவிடுவேன்.

கடைத்தெருவில் தமிழ் முதலாளிமாரும் இருந்தார்கள். ஆனால் அவர்கள் முன்னால் போய் நின்றால் முதல் கேள்வி “எந்தத் தோட்டம்?” என்று வரும். பதில் சொன்ன பிறகு ‘வாங்க’ என்பது ‘வா’ ஆகிவிடும். அந்தப் பக்கம் நான் போகவில்லை.

எங்கள் தோட்டத்து லயம் ஒரே கூரைக்குக் கீழே வரிசையாக ஒற்றை அறை வீடுகள். காம்பராவுக்குக் காம்பரா சுவர் உண்டு. ஆனால் கூரை வரைக்கும் போகாது. ஒரு காம்பராவில் இருமினால் அடுத்ததிலிருந்து, “யாரு, மாமாவா? கொத்தமல்லி அவிக்கட்டுமா?” என்று சுவருக்கு மேலால் குரல் வரும். புருஷன் பெண்சாதி சண்டைக்கு லயமே தீர்ப்புச் சொல்லும். எனக்குப் பேசிய கலியாணம் முறிந்துபோனது மற்றக் காம்பராக்களுக்கெல்லாம் தெரிந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. இதிலிருந்து தப்பித்தான் டவுனுக்கு ஓடி வந்தேன். யாரும் எதையும் கேட்காத டவுன் முதல் மாதம் சொர்க்கமாக இருந்தது. பிறகு, தமிழில் நாலு வார்த்தை பேச ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்று ஆகிவிட்டது. குளிக்கும்போது எனக்கு நானே பேசிப் பார்த்தேன். நான் அவ்வளவு சுவாரசியமான ஆளில்லை.

லாபிர் நானா மாணிக்கக்கல் தரகர். தன் வீட்டுப் பின்பக்கத்தைப் பலகை அடித்து இரண்டாக்கி வாடகைக்கு விட்டிருந்தார். ஒன்றில் நான். மற்றதில் வீரே. முழுச் சிங்களப் பெயர் வீரசிங்கவோ வீரக்கோனோ, நான் கேட்டதில்லை. டயர்க் கடையில் வேலை. ஒல்லியான, சாதுவான மனிதர்.

“கொஹொமத, சந்தரே?” என்று சுகம் விசாரிப்பார்.

“ஹொந்தய், வீரே” என்பேன்.

அதற்குப் பிறகு மழையைப் பற்றிப் பேசுவோம். இரத்தினபுரியில் அதற்குப் பஞ்சமில்லை. தீபாவளிக்கு ஊருக்குப் புறப்படும்போது, தங்கச்சி வீட்டில் தானம், பிக்குமாருக்குச் சாப்பாடு கொடுக்கிறோம் என்று சிங்களத்தில் அவிழ்த்துவிட்டேன். தன் வீட்டிலும் அன்றைக்குத் தானம்தான் என்றார் வீரே. என்ன பக்தியான மனிதர் என்று நினைத்துக்கொண்டேன். இரண்டு வருஷம் இப்படி ஒரு பலகையைப் பங்குபோட்டுக்கொண்டு இருந்தோம்.

இரண்டாம் வருஷத் தீபாவளி முடிந்து வந்தபோது விடாத மழை. வீரே இருமத் தொடங்கினார். முதலில் சாதாரண இருமல். பிறகு பலகையே அதிர்கிற இருமல். டயர்க் கடைக்கும் போகவில்லை. லயமாக இருந்தால் இதற்குள் ஆளுக்கொரு கோப்பை வந்து, குடித்தே மனிதன் களைத்திருப்பான். நானும் கொத்தமல்லி அவித்தேன். இஞ்சி தட்டிப் போட்டேன். கோப்பையோடு அவர் கதவுக்கு முன்னால் போய் நின்றேன். டவுனில் கூப்பிடாமல் ஒருவர் கதவைத் தட்டுவது வழக்கமில்லை. அதைவிட, இன்றைக்கு நான் உள்ளே போனால் நாளைக்கு அவர் என் அறைக்கு வருவார். சுவரில் முருகன் நிற்கிறார்.

திரும்பி வந்து கொத்தமல்லியை நானே குடித்தேன். வருத்தக்காரன் அந்தப் பக்கம் இருமினான், மருந்து இந்தப் பக்கம் இறங்கியது.

பௌர்ணமிப் போயா நாள், கடை பூட்டு. மத்தியானம் படுத்திருந்தேன். பலகைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் குரல் கேட்டது.

“என்னங்க இது, ஒடம்பு நெருப்பாக் கொதிக்குது! ஒரு ஆளு மூலமாச் சொல்லி அனுப்பக்கூடாதா?”

நான் எழுந்து உட்கார்ந்தேன்.

“கத்தாத, மீனாம்பா. பக்கத்துல ஆளு இருக்கு.” வீரேயின் குரல். ஆனால் வீரே பேசுகிற பாஷை இல்லை.

“ஆளு இருக்கா? இருந்துமா ஒரு வா சுடுதண்ணி குடுக்கல? நம்ம லயத்துல நாயி கெடந்தாக்கூட யாராச்சும் எட்டிப் பாப்பாங்க.”

“அவர ஏசாத. சந்தரே தங்கமான மனுசன். சிங்கள ஆளு, நம்ம பழக்கம் அவருக்குத் தெரியாதுல்ல? தெரிஞ்சா வந்திருப்பாரு.”

லயத்தில் ஆயிரம் ஏச்சுக் கேட்டிருக்கிறேன். இப்படி ஒரு பாராட்டைத் தாங்கிக்கொள்ளத்தான் பழக்கமில்லை.

கதவுவரை நடக்கும்போது வார்த்தைகளை அடுக்கிக்கொண்டேன். ‘அண்ணே, நானும் தோட்டத்து ஆளுதாண்ணே.’ இவ்வளவுதான், சின்ன வசனம். கதவைத் திறந்தேன். வீரே போர்வையைச் சுற்றிக்கொண்டு மனைவியின் தோளைப் பிடித்தபடி வெளியே வந்துகொண்டிருந்தார். மீனாம்பாள் என்னைக் கண்டதும் முந்தானையை நெற்றிவரை இழுத்துப் பொட்டை மறைத்தாள்.

என்னிடமிருந்து.

நான் வாயைத் திறந்தேன். “மொகத வீரே, அசனீபத?” என்று வந்தது. உடம்புக்கு வருத்தமா என்று கேட்கிறேன், அதையும் சிங்களத்தில்! அடுக்கி வைத்த வசனம் எந்த மூலையில் போய் ஒளிந்துகொண்டதோ தெரியாது. இனித் தமிழில் பேசினால் இரண்டு வருஷத்துப் பொய்யும், இப்போது ஒட்டுக் கேட்டதும், கொத்தமல்லி குடித்ததும் எல்லாம் சேர்ந்து வெளியே வரும் என்று பயந்தேன் போலிருக்கிறது.

“பொடி உணக், சந்தரே.” சின்னக் காய்ச்சல்தான் என்று எனக்கு ஆறுதல் சொன்னார் அந்த மனிதர். கரவனெல்ல ஆஸ்பத்திரிக்குப் போவதாகவும், வீடு அதற்குக் கிட்டத்தான் என்றும் சொன்னார். நான் அவர் பையைத் தூக்கிப்போய் திரீவீலரில் வைத்தேன். மீனாம்பாள் சிங்களத்தில் நன்றி சொன்னாள். என் சிங்களத்தைவிட அவள் சிங்களம் சுத்தம்.

சில கிழமை கழித்து லாபிர் நானா வந்து, முதல் தடவையாக என்னிடம் தமிழில் பேசினார்.

“முத்துவீரன் இனி வரமாட்டாராம். சொகமாயிட்டாம், ஆனா பொஞ்சாதி விடுறாவில்ல. பக்கத்துல மனிசன் இல்லாத எடத்துக்கு என்னத்துக்குப் போறன்னு கேக்கிறாவாம்.”

“நானா, அவர் தமிழ் ஆள்னு உங்களுக்குத் தெரியுமா?”

“ரெண்டு பேரிட ஐடென்டிகாட்டையும் நான்தானே பொலிசில பதியக் கொண்டுபோன.”

“அப்ப ஏன் சொல்லல?”

“நீங்க மறைக்கிறீங்க, அவரும் மறைக்கிறாரு. காலம் சரியில்ல. மறைக்கிற மனிசன நான் எதுக்கு வாப்பா காட்டிக்குடுக்க?” என்றார். “பொறகு ரெண்டு பேரும் முத்தத்துல நின்டு சிங்களத்துல கதைக்கிறதப் பாத்து, தோட்டத்து ஆக்கள்ட மரியாத இப்படியாக்கும்னும் நெனச்ச.”

புது ஆளுக்கு வீரேயின் அறையைக் காட்ட வேண்டும், கொஞ்சம் ஒதுக்கிக் கொடுங்கள் என்று பூட்டின் திறப்பைத் தந்தார். கட்டில், கொடிக்கயிறு, டயர்க் கம்பெனிக் கலண்டர். கலண்டரைக் கழற்றினால் பின்னால் பிள்ளையார். கட்டிலுக்குக் கீழே ஒரு கோப்பை இருந்தது. தேத்தண்ணி வற்றி, பூஞ்சணம் பிடித்து, அடியில் ஊறிப்போன முறுக்கு ஒட்டிக் கிடந்தது.

அந்தக் கோப்பையைக் கழுவ எனக்கு நெடுநேரம் பிடித்தது.

கரவனெல்லைக்குப் போக வேண்டும் என்று ஒவ்வொரு போயாவுக்கும் சட்டை ஸ்திரி போட்டேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போனதும் உண்டு. லயத்து வாசலில் நின்று என்னவென்று கூப்பிடுவது? முத்துவீரண்ணே என்றா, வீரே என்றா? எட்டிப் பார்க்கப்போவது மீனாம்பாள். அவளுக்கு என்ன சொல்வது? சட்டை மடிப்புக் கலையாமல் திரும்பி வந்தேன்.

அப்படித் திரும்பிய ஒரு நாள், அறையில் தகர டின்னில் என் தீபாவளி முறுக்கு மிச்சம் இருந்தது. அதை எடுத்துக்கொண்டு பலகையோடு ஒட்டி உட்கார்ந்தேன். தேத்தண்ணி வைக்கவில்லை. அந்தப் பக்கம் யாரும் இல்லை என்று தெரியும், இருந்தாலும் பலகைக்குக் கேட்கட்டும் என்று வாயை அகலத் திறந்து, பலத்தையெல்லாம் கூட்டிக் கடித்தேன்.

இரத்தினபுரி மழை டின்னுக்குள்ளும் போயிருந்தது. முறுக்கு நமுத்துவிட்டது. ஒரு சத்தமும் வரவில்லை.