ஓரங்குலச் செங்கல்

1996-ல் எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டருக்குக் கிடைத்த மரியாதையில் பாதி எனக்குக் கிடைத்திருந்தால் நான் இன்னும் ஒரு சுற்று பெருத்திருப்பேன். ராஜபாளையத்தில் இஞ்சினியர் காளிராஜ் அதற்கு ஏசி வைத்தார், சரிகைக் கரை போட்ட துணி போர்த்தினார், வெள்ளிக்கிழமை தவறாமல் சந்தனப் பொட்டு வைத்தார். அதை ஓட்டத் தெரிந்த ஒரே ஆளான எனக்கு ஒரு மர ஸ்டூல். என் பெயர் பெருந்தேவி. மதுரையில் ஆறு மாதம் கம்ப்யூட்டரில் கட்டடம் வரையப் படித்துவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வந்து போனேன்.

"மூணு மாசம் பாப்பேன். ஒரு பார்ட்டிகூட இதுல வரைஞ்ச பிளான் வேணும்னு வரலைன்னா மெஷினும் வேண்டாம், நீயும் வேண்டாம்" என்று சேரும்போதே காளிராஜ் சொல்லியிருந்தார். என் அப்பா பாஷ்யம் அதை நல்ல செய்தியாக எடுத்துக்கொண்டார். "மூணு மாசம்தானே? அதுக்குள்ள நானும் நாலு ஜாதகம் பாத்து வெச்சுடறேன்" என்றார். வேலை போன மறுநாளே வீட்டில் பெண் பார்க்க வருகிறவர்களுக்குச் சொஜ்ஜி கிண்டிவிடுவார்கள். எனக்கோ அந்த வேலை பிடித்திருந்தது. அந்த ஸ்டூலைக்கூடப் பிடித்திருந்தது.

இரண்டரை மாதம் ஈ ஓட்டியபின் சேத்தூரிலிருந்து சுபேதார் சேதுபதி வந்தார். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்றவர், மீசை மட்டும் இன்னும் பணியில் இருந்தது. புது வீட்டின் முன்சுவரைப் பூசக் கூடாது, செங்கல் அப்படியே தெரிய வேண்டும் என்றார்.

"படத்துலயும் ஒவ்வொரு கல்லும் தெரியணும். படம்னா எனக்கு ஆர்டர் மாதிரி. அதுல உள்ளபடிதான் கட்டுவேன்."

"ஒவ்வொரு கல்லா வரைஞ்சிரலாம் ஸார். நாளைக்கே வாங்க" என்றார் காளிராஜ், வாய் கூசாமல். எத்தனை நாள் ஆகும் என்று என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஒரே ராத்திரியில் ஆயிரக்கணக்கான செங்கல்லை யார் வரைவது? அந்த மென்பொருளில் ஒரு வழி உண்டு. சுவரின் எல்லையைக் காட்டி ஒரு கட்டளை தட்டினால், செங்கல் கோடுகள் தானாக நிரம்பிவிடும். தட்டினேன். டீ ஆறுவதற்குள் சுவர் முடிந்துவிட்டது. மறுநாள் சுபேதார் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு வரிசையை விரல் வைத்து எண்ணிப் பார்த்தார்.

"எல்லாம் நீயே வரைஞ்சதாம்மா?"

"ஆமா ஸார்" என்றேன். கண்கூட இமைக்கவில்லை.

இருபது நாள் கழித்து கொத்தனார் வீரணன் ஆபீசுக்கு வந்தார். கையில் ஒரு சிமெண்ட் சாக்கு, விரலில் கட்டு. சாக்கைக் காளிராஜ் மேஜைமேல் கவிழ்த்தார். அத்தனையும் உடைந்த செங்கல்.

"வலது மூலையப் பாருங்கய்யா. ஒரு வரி விட்டு ஒரு வரி, ஓரங்குல அகலத்துக்கு ஒரு கல்லு! மூலையில போயி எவனாவது சில்லு வைப்பானா? சொன்னா அந்த மனுசன் கேக்க மாட்டேங்காரு. படத்துல இருக்கு, வெட்டுங்காரு. வெட்ட வெட்ட ஒடையுது. எனக்கு முந்தி ரெண்டு கொத்தனார் ஓடியாச்சு. நாலு வரிக்கு மேல ஏறல."

படத்தைப் பார்த்தேன். மெஷின் இடது பக்கம் ஆரம்பித்து நிரப்பிக்கொண்டே போய், சுவர் முடிந்த இடத்தில் வெட்டிவிட்டிருந்தது. மிச்சம் ஓரங்குலம். அது கல்லா, கோடா என்று மெஷினுக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் அந்த மூலையைப் பார்க்கவே இல்லை.

வீரணன் போனதும் காளிராஜ் கதவைச் சாத்தினார். "சேத்தூருக்குப் போவோம். கொத்தனாருக்குப் படம் பாக்கத் தெரியலைன்னு சொல்லிரு. வேற ஏதாவது ஒளறினே, நாளையில இருந்து வராதே."

சேத்தூரில் சுபேதார் அந்த நாலு வரிசைக்கு முன்னால் விறைப்பாக நின்றார். "சொல்லும்மா. படம் சரிதானே? இவனுக்கு வெட்டத் தெரியல, அப்படித்தானே?"

காளிராஜ் எனக்கும் சேர்த்துத் தலையாட்டினார். வீரணன் கட்டுப்போட்ட விரலால் ஒரு சில்லைப் பிடித்திருந்தார். சத்தியமாக, எனக்கு ஜாதகங்கள்தான் முதலில் ஞாபகம் வந்தன. அந்த விரலைப் பார்த்திருக்காவிட்டால் நானும் தலையாட்டியிருப்பேன்.

"படம் தப்பு ஸார். நான் ஒரு கல்லுகூட வரையலை. மெஷின் நிரப்பினது. நான் சரியாப் பாக்கலை. இவர்மேல தப்பே இல்லை."

"நாளையில இருந்து வராதே" என்றார் காளிராஜ். சொன்ன சொல் தவறாதவர். சுபேதாரின் முகம் சிவந்துவிட்டது. இருபது நாளாக ஊரே கேட்கக் கத்தியவர், இப்போது யாரைப் பார்த்துக் கத்துவது என்று தெரியாமல் நின்றார்.

வீரணன்தான் சிரித்தார். "இருவத்திரண்டு வருசமா கரண்டி பிடிக்கேன். இஞ்சினியர் ஆபீஸ்ல இருந்து வந்து 'தப்பு என்னோடது'ன்னு சொன்ன ஆள இன்னைக்குத்தான் பாக்கேன். அய்யா, இந்தப் பிள்ள வரைஞ்சு குடுத்தா கட்டுதேன். வேற யாரு வரைஞ்சாலும் நீங்க வேற கொத்தனாரப் பாத்துக்கிடுங்க."

நாலாவது கொத்தனாருக்குச் சேத்தூரில் ஆள் இல்லை என்பது சுபேதாருக்குத் தெரியும். மீசையைத் தடவினார். "எம்புட்டு நாள் ஆகும்?" என்று என்னைக் கேட்டார். காளிராஜை அல்ல, என்னை.

"பத்து நாள். உங்க செங்கல் ஒண்ணு வேணும் ஸார், அளக்கணும்."

வந்த ஒரே பார்ட்டி போய்விடக் கூடாதே என்று காளிராஜ் அந்த 'வராதே'யை விழுங்கிவிட்டார். மெஷின் போட்ட கல்லும் எங்கள் ஊர் சூளைக் கல்லும் அளவிலேயே ஒத்துப்போகவில்லை. அந்தக் கல்லை ஸ்டூலுக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக வரைந்தேன். கலவை இடைவெளி எத்தனை, முக்கால் கல் எங்கே வரும், எல்லாம் வீரணனிடம் கேட்டுக் கேட்டு வரைந்தேன். மூலையில் முழுக்கல் வந்து உட்கார்ந்தது. மெஷின் தினமும் இரண்டு தடவை உறைந்து போனது. பொட்டு வைத்தும் பிரயோசனமில்லை. பதினோராவது நாள் முடித்தேன்.

படத்தின் ஓரத்தில் 'வரைந்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு. என்றைக்கும் அதில் காளிராஜ் பெயர்தான் இருக்கும். அதைத் தட்டப் போனேன்.

"ஏய், ஏய்! என் பேரைப் போடாதே" என்று பதறினார். "நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா அந்த ஆள் என்னைத் தேடி வரக்கூடாது. உன் பேரைப் போடு. இனிமே நீ வரையற எல்லாத்துக்கும் உன் பேருதான், சொல்லிட்டேன்!"

பெருந்தேவி என்று தட்டினேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாகவே வைத்தேன்.