முதலையண்ணன் படகில் அம்மா

அக்டோபர் 14, ஞாயிறு

திருத்தம்: நேற்றைய பக்கத்தில், அம்மா இரண்டாவது வீச்சிலேயே கயிற்றைப் பிடித்துவிட்டதாக எழுதியிருக்கிறேன். தவறு. மூன்றாவது வீச்சில்தான் பிடித்தாள். முதல் வீச்சு அவள் தலைக்கு மேலே போனது, அது என் குற்றம். இரண்டாவது தோளில் பட்டு நழுவியது. எழுதும்போது ஏன் ஒன்றைக் குறைத்தேன் என்று தெரியவில்லை. தெரியும் என்றுதான் நினைக்கிறேன்.

நான் நீர்ப் பரிசோதனைக்கூடத்தில் பாட்டில் கழுவி லேபிள் ஒட்டுகிறவள். மாலையில் அதே தொழிலின் அடுத்த படிக்கான வகுப்புக்குப் போகிறேன். பிழையை அழிக்காதே, மறுநாள் பக்கத்தின் தலையில் எழுது என்பது அங்கே ஆசிரியை சொன்ன விதி. ஆய்வகக் குறிப்பேட்டுக்குச் சொன்னது. நான் நாட்குறிப்புக்கும் வைத்துக்கொண்டேன்.

கயிற்று விஷயத்தையும் முறையாக எழுதிவிடுகிறேன். அப்பா கைடு. நுரையும் பாறையுமாக இறங்கும் ஆற்றில் முப்பத்தொரு வருடம் ஆட்களை ஏற்றிக்கொண்டு ரப்பர் படகு ஓட்டினார். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரிய மிதப்பார் என்பதால் மற்ற கைடுகளுக்கு அவர் முதலையண்ணன். ஒரு மழைக்காலத்தில் படகிலிருந்து விழுந்த ஒருவர், கைக்கெட்டும் தூரத்தில் கயிறு விழுந்தும் அதைப் பிடிக்கத் தோன்றாமல் வேடிக்கை பார்த்துக்கொண்டே போனார். அப்பா குதித்து இழுத்து வந்தார். அன்று சாயங்காலமே விதி வந்தது. ஆபத்தான இறக்கங்கள் உள்ள கீழ் ஆற்றுக்கு வருகிறவர் யாராக இருந்தாலும் முதலில் லைஃப் ஜாக்கெட்டோடு மடுவில் குதித்து, மல்லாந்து மிதந்து, கரையிலிருந்து வீசும் கயிற்றைப் பிடிக்க வேண்டும். மூன்று வாய்ப்பு. நான்காவது கிடையாது. படகுக் கம்பெனி முதலாளியே மூன்று முறையும் கோட்டைவிட்டார். அப்பா அவரைச் சிரித்த முகத்தோடு வேனில் ஏற்றிவிட்டார்.

வேனை ஓட்டியது அம்மா. படகுகள் ஆற்றோடு போகும். பயணிகளின் பைகளோடு வேன் ரோட்டோடு போய், பதினொரு கிலோமீட்டர் தள்ளி, கரையேறும் இடத்தில் காத்திருக்கும். அம்மாவுக்கு நீந்தத் தெரியாது. ஒரு நாளும் படகில் ஏறியதில்லை. முதலாளி கதையை அவள்தான் எல்லாருக்கும் சொல்வாள். "மனுஷன் மூஞ்சிய உம்முனு வச்சிக்கிட்டே வந்தாரு. 'விடுங்க சார், நானும் ஃபெயில் கேஸ்தான்'னேன். அப்புறம்தான் சிரிச்சாரு."

அப்பா ஜூன் மாதம் இறந்தார். ஆற்றில் அல்ல, வீட்டில், தூக்கத்தில், இதயம் நின்று. அவரை நினைத்து இன்று கீழ் ஆற்றில் படகு விடுவதென்று கைடுகள் முடிவு செய்தார்கள். அழைத்தது நாற்பது பேரை. அவரோடு எப்போதோ போனவர்கள் எண்பது பேர் வந்து நின்றார்கள். அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அவர் படகில் அவள் போக வேண்டும்.

இப்போது தலைமைக் கைடு சோடாபுட்டி அண்ணன். தடித்த கண்ணாடியை ரப்பர் பட்டையால் தலையோடு கட்டியிருப்பவர், அப்பாவின் படகில் ஒன்பது வருடம் உதவிக்கு இருந்தவர். நேற்று மடுக்கரையில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

"அண்ணி, உயிரைக் கேளுங்க, குடுக்கிறேன். ஆனா அண்ணன் போட்ட விதி..."

"விதிய மாத்தச் சொன்னேனாடா நான்? தள்ளு, குதிக்கணும்."

"கயிறு நான் போட மாட்டேன். கை நடுங்கும். பாப்பா போடட்டும்."

நான் போட்டேன். வீசுகிற இடத்துக்குப் பாறையில் வெள்ளைக் கோடு போட்டிருக்கும். மூன்றாவது முறை என் கால் கோட்டுக்கு உள்ளே இருந்ததா, வெளியே இருந்ததா என்று பார்க்கவில்லை. கயிறு அம்மாவின் மார்பில் விழுந்தது. கை மூடியது. அவள் பிடித்தாளா, நான் கொண்டுபோய்க் கையில் வைத்தேனா?

"பாஸா, ஃபெயிலா? போட்டவதான் சொல்லணும்" என்றார் சோடாபுட்டி அண்ணன்.

"பாஸ்" என்றேன்.

இரவு முழுக்க அந்த ஒரு வார்த்தை என்னை உறுத்திக்கொண்டிருந்தது. காலையில் அம்மா அப்பாவின் சிவப்பு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு படகின் முன் வரிசையில் உட்கார்ந்தபோது, இறங்கு என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் வேன் சாவியை என்னிடம் எறிந்தாள்.

"இரண்டாவது கியர் முரண்டு பிடிக்கும். திட்டாத, கெஞ்சு."

கெஞ்சினேன். நாற்பது நிமிடத்தில் கரையேறும் இடத்துக்குப் போய்ச் சேர்ந்தேன். கூழாங்கல் மேடு, துண்டுகள் காயப்போடும் கம்பி, ஆற்றின் ஒரு வளைவு. அந்த வளைவுக்கு அப்பால்தான் கடைசி இறக்கம் இருக்கிறது. கைடுகள் அதற்கு வைத்த பெயர் மிக்ஸி. இங்கிருந்து அது தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். முப்பத்தொரு வருடம் அம்மா இந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் துண்டுகளை மடித்திருக்கிறாள். எனக்கு ஒரு துண்டைக்கூட நேராக மடிக்க வரவில்லை.

மிக்ஸியைத் தாண்டியதும் ஒவ்வொரு படகிலும் தலை எண்ணுவார்கள். கணக்குச் சரியென்றால் ஒரு நீள விசில். ஆள் குறைந்தால் மூன்று விசில்.

10.52க்கு மூன்று விசில் கேட்டது.

முதலில் வருவது அப்பாவின் படகு என்று எனக்குத் தெரியும். கயிற்றுப் பையை எடுத்துக்கொண்டு முழங்கால் ஆழத்துக்கு ஓடினேன். சிவப்பு ஹெல்மெட் வந்தால் எந்தப் பாறையின் எந்தப் பக்கமாக வரும், எப்போது வீச வேண்டும் என்று மனம் கணக்குப் போட்டது. வாய் மட்டும் "பாஸ், பாஸ்" என்று முனகியது. இலைகள் வந்தன. ஒரு செருப்பு வந்தது. அம்மா செருப்புப் போட்டுக்கொண்டு போகவில்லை என்பது நினைவுக்கு வர எவ்வளவு நேரம் ஆயிற்றோ.

10.56. ஒரு நீள விசில். சாதாரணமாக ஊதுவதைப் போல மூன்று மடங்கு நீளம், நடுவில் மூச்சு வாங்கி மறுபடியும்.

படகு வளைவைத் திரும்பியது. முன்னால் அம்மா. துடுப்பை இரண்டு கையாலும் தலைக்கு மேலே தூக்கி, வாயில் விசிலோடு ஊதிக்கொண்டே வந்தாள். அவளுக்குப் பின்னால் ஐந்து பேர் அழுதார்களா, சிரித்தார்களா என்று பிரித்துச் சொல்ல முடியாது. சோடாபுட்டி அண்ணன் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குத்துமதிப்பாகத் துடுப்புப் போட்டார்.

"யாரு விழுந்தது?" என்று கத்தினேன்.

"யாரும் விழலடி!" அம்மா கரையில் குதித்தாள். "இந்தக் குருடன் எண்ணிப் பார்த்து, 'ஏழுதான் இருக்கு, ஒருத்தரக் காணோம்'னு ஊதிட்டான். நாங்க எல்லாம் தண்ணியிலயே தேடுறோம். அப்புறம் நான் கேட்டேன், 'ஏன்டா, உங்க அண்ணனையும் சேர்த்தா எண்ணினே?'"

"ஒன்பது வருஷமா எட்டுதான் பாப்பா" என்றார் அவர். "பயணிங்க ஆறு, நான், அண்ணன். வாய் தானா எட்டு கேட்டுச்சு. இன்னைக்கு ஏழு பேர்தான்னு மூளைக்குத் தெரியும். வாய்க்குத் தெரியல."

"அதுக்கப்புறம் அவன் கை விசில எடுக்கவே இல்ல. நான் புடுங்கி ஊதினேன். அத்தனை பேரும் இருக்கோம்னு ஊதினேன்."

அப்பா எங்கேயும் எண்ணுவார். சினிமா விட்டு வெளியே வந்ததும் எண்ணுவார், பஸ்ஸில் ஏறியதும் எண்ணுவார். மூன்றே பேர் உள்ள வீட்டில் சாப்பிட உட்காரும்போதும் எண்ணி, கடைசியில் தன் நெஞ்சைத் தட்டிக்கொள்வார். பள்ளி ஆண்டு விழாவில் மேடையில் நின்ற இருபத்திரண்டு பிள்ளைகளையும் எண்ணிவிட்டு, சரி என்று சத்தமாகச் சொன்னதில் நான் என் வசனத்தை மறந்தேன்.

பின்னாலேயே மற்ற பத்துப் படகுகளும் வந்தன. ஒவ்வொன்றும் ஊதியது. எண்பது பேர் கூழாங்கல் மேட்டில் ஈரத்தோடு நின்று, முதலையண்ணன் தங்களைத் தண்ணீரிலிருந்து தூக்கிப் போட்ட கதைகளை ஒரே நேரத்தில் சொன்னார்கள். நான் எழுதிக்கொள்ள முயன்று, ஒன்பதாவது கதையோடு விட்டுவிட்டேன். அம்மா நடுவில் உட்கார்ந்து தலையைத் துவட்டிக்கொண்டிருந்தாள்.

"தினமும் அந்த மிக்ஸிக்குள்ள போயிட்டு வந்து, எப்படி இருந்துச்சுன்னு கேட்டா 'சும்மா தண்ணிதான்'னு சொல்லுவாரு. சும்மா தண்ணியாம்! வரட்டும், கேக்குறேன்."

சொன்ன பிறகுதான் சொன்னது அவளுக்கே உறைத்தது. பிறகு எல்லாரையும்விடப் பெரிதாகச் சிரித்தாள்.

வேனில் திரும்பும்போது கேட்டுவிட்டேன். "நேத்து கயிறை நீ பிடிச்சியாம்மா, நான் கையில வச்சேனா? என் கால் கோட்டைத் தாண்டியிருக்கும்."

"தாண்டியிருந்தா இன்னைக்குத் தெரிஞ்சிருக்கும். நீ நல்லா போட்டே, நான் நல்லா பிடிச்சேன். இதுக்குப் போய் விசாரணைக் கமிஷன் வைக்கிறியே." கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: "அடுத்த மாசமும் போறேன். வேன் உனக்கு."

"மிதக்கத் தெரிஞ்சாப் பத்தாது. நீந்தக் கத்துக்கிட்டா ஏத்துவேன்" என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

"யார்ரா இது, முதலைக்குப் பொறந்தது!" என்றாள். வேண்டாம் என்று சொல்லவில்லை.

நாளை: பரிசோதனைக்கூடம் போகும் வழியில், எட்டு மணிக்குள், நகராட்சி நீச்சல் குளத்தில் பெரியவர்களுக்கான காலை வகுப்பில் அம்மாவின் பெயரைப் பதிய வேண்டும். நீச்சலுடைக்கு அளவு எடுக்க வேண்டும்.