ஆடிக்காற்றில் ஸ்வெட்டர்

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். மாலை வகுப்பில் பிரெஞ்சு படிக்கிறேன். பழக்கத்துக்காகத் தினமும் ஐந்து வரி நாட்குறிப்பு எழுதி வரச் சொல்வார்கள்: மணி, காற்று, பார்த்த ஆள், கேட்ட பேச்சு, ஒரு கேள்வி. பகலில் புதுச்சேரி கடற்கரைச் சாலைக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு லாட்ஜின் வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருப்பதால், பார்க்கிற ஆளுக்குக் குறைவில்லை. ஒரு வாரக் குறிப்பை அப்படியே அடுக்கினால் கதையாகிவிடும் என்று நினைத்தேன். ஆகவில்லை. குறிப்பு நான்காம் நாளோடு நின்றுபோகிறது. ஏன் நின்றது என்பதுதான் கதை.

முதல் தொடக்கம்:

ஆடிக்காற்றில் நகரம் முழுவதும் ஒரு பாய்மரக் கப்பலைப் போல

வேண்டாம். நான் பாய்மரக் கப்பலைப் பார்த்ததில்லை.

இரண்டாம் தொடக்கம்:

திங்கட்கிழமை காலை பத்தரை மணிக்கு ஒரு ஆணும் பெண்ணும் ஒரே பையோடு வந்து ஒரு வாரத்துக்கு அறை கேட்டார்கள்.

இது நடந்தது. இதையே வைத்துக்கொள்கிறேன்.

2

அவள் பெயர் செந்தமிழ்ச்செல்வி. அவன் சிலம்பரசன். அவனுடைய ஆதாரில் இதே புதுச்சேரியின் மேட்டுப்பாளையம். அவளுடையதில் பக்கத்துச் சேதராப்பட்டு, கணவன் பெயருக்குப் பதில் தகப்பன் பெயர்.

எங்கள் லாட்ஜில் உள்ளூர் ஆதாரோடு வரும் ஜோடிக்கு அறை கிடையாது. சொந்த ஊரில் வீடு இருக்கிறவனுக்கு அறை எதற்கு என்பது முதலாளி காசிலிங்கத்தின் கேள்வி. விதியை மீறினால் மேசையில் வேறு ஆள் உட்காரும் என்றும் சொல்லியிருக்கிறார்.

"கல்யாணம் ஆயிடுச்சாக்கா?"

"எட்டு வருஷம் ஆவுது. தாலியக் காட்டட்டா?"

"தாலி கடையிலயே விக்குதுக்கா."

அவள் சிரித்தாள். "அதுவும் சரிதான். இந்த ஆளு மொகத்தப் பாரு. கல்யாணம் ஆவாதவன் மொகமா இது?"

நானும் சிரித்துவிட்டேன். சிரித்த கையோடு சாவியைக் கொடுத்துவிட்டேன். முதலாளி வெளியூர், ஞாயிறுதான் வருவார். [சிரிப்பு ஒரு காரணமா என்று நீங்கள் கேட்கலாம். திருத்தும்போது வேறு காரணம் தேடினேன். கிடைக்கவில்லை.]

சாயங்காலமே பயம் பிடித்துக்கொண்டது. அதன் பிறகு எழுதிய குறிப்புகள்:

செவ்வாய். காற்று பலம். வெளியே போகும்போது இரண்டு பேருக்கும் மாஸ்க்.

புதன். காற்று அதைவிட. மொட்டைமாடியில் அந்தப் பெண் ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவும் போட்டுக்கொண்டு நிற்கிறாள். வெயில் மண்டையைப் பிளக்கிறது. அவன் படம் எடுக்கிறான். கடல் தெரியாமல், வெறும் வானம் மட்டும் தெரிகிற மாதிரி.

வியாழன். மறுபடி ஸ்வெட்டர். இன்று அவன் போட்டிருக்கிறான். கேள்வி: யாரை ஏமாற்றுகிறார்கள்?

கேள்வி சரியானது. பதிலைத்தான் நானாக எழுதிக்கொண்டேன். "அவள் வேறொருவனின் மனைவி. அவன் அவளை" என்று ஒன்றரைப் பக்கம் போயிருந்தது. கிழித்துவிட்டேன்.

3

இனி நான் பார்க்காதது. அறையில் விட்டுப்போன குல்லாவைக் கொடுக்கப் பிறகொரு நாள் அவள் வேலை பார்க்கும் கம்பெனி வாசலுக்குப் போனேன். அப்போது அவள் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

எட்டு வருடத்தில் செந்தமிழ்ச்செல்விக்குக் கணவனோடு தனியாகக் கிடைத்த இடம் மோட்டார்சைக்கிள் ஒன்றுதான். வீடு ஒரே கூடம். மாமனார், மாமியார், கொழுந்தன் எல்லாரும் அதிலேதான். இருவருக்கும் சேதராப்பட்டில் ஒரே கம்பெனி. பேச வேண்டியதையெல்லாம் போகும்போதும் வரும்போதும் ஹெல்மெட்டுக்குள்ளிருந்து கத்திப் பேசினார்கள். கம்பெனியை ஒரு வாரம் பராமரிப்புக்கு மூடியபோது கொடைக்கானல் போவதாக வீட்டில் சொன்னார்கள். போகத்தான் இருந்தார்கள். பஸ் ஸ்டாண்டுக்கு வந்ததும் அவள்தான் நின்றாள்.

"பத்து மணி நேரம் பஸ்ஸுல ஒக்காந்து எதப் பாக்கப் போறோம்? கதவு சாத்துற ரூமு ஒண்ணு இருந்தா எனக்குப் போதும்."

"உள்ளூர்லயா? யாருனா பாத்துட்டா?"

"மாஸ்க் போட்டுக்கலாம். நம்மள யாரு தேடப் போறா?"

தினமும் மாடியில் நின்று மாமியார் வீராயிக்குப் போன் செய்தாள்.

"ஒரே குளிரு அத்த. காத்து அடிக்கிறது கேக்குதா?"

"கேக்குது, கேக்குது. காதுல பஞ்சு வெச்சிக்க. போட்டோவுல அவன் எளச்ச மாதிரி இருக்கான், சோறு திங்கறானா?"

கடற்காற்று அந்தப் பக்கம் மலைக்காற்றாகப் போய்ச் சேர்ந்தது. சிலம்பரசன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பிறகு அறைக்கு வந்து, கதவைச் சாத்தி, மெதுவாகப் பேசினார்கள். மெதுவாகப் பேசினாலும் அவனுக்குக் கேட்கிறதே என்ற ஆச்சரியம் அவளுக்குக் கடைசிவரை தீரவில்லை.

[அவள் கணவனைச் சந்தேகிப்பதாக இங்கே ஒரு பத்தி எழுதிப் பார்த்தேன். ஒட்டவில்லை. சந்தேகம் என்னுடையது. அதை அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.]

4

வியாழன், மாலை ஐந்து பத்து. வகுப்புக்குக் கிளம்ப வேண்டும். எதையும் சரிபார்க்காமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. பதிவேட்டில் அவசரத்துக்கு என்று எழுதியிருந்த இரண்டாவது எண்ணை அழைத்தேன். எடுத்தவர் வீராயி.

"சிலம்பரசன் வீடுங்களா? அவரு வீட்டுக்காரம்மா பேரு செந்தமிழ்ச்செல்விங்களா?"

"ஆமா. நீ யாரு?"

"லாட்ஜுலேருந்து பேசறேங்க. சும்மா, சரிபாக்கத்தான்."

"கொடைக்கானலா? ரெண்டு பேருக்கும் ஒண்ணுமில்லியே?"

"கொடைக்கானல் இல்லீங்க. பாண்டிதான். பீச்சாண்ட."

லாட்ஜ் பெயரையும் தெருவையும் கேட்டார். சொன்னேன்.

குறிப்பில் எழுதினேன்: கணவன் மனைவிதான். சரிபார்த்தாயிற்று. நிம்மதி.

வெள்ளி காலை வீராயி ஆட்டோவில் வந்து இறங்கினார். மாடிப்படியிலேயே குரல் ஏறியது.

"ஆட்டோல இருவது நிமிசத்துல கொடைக்கானல் வந்துடுது! குளிரு தாங்கலியா மருமவளே? நாங்க என்னா பேயா, பிசாசா? எங்களுக்குப் பயந்து ரூமு போட்டுக்கினு ஒளிஞ்சிக்கறீங்க?"

"சத்தம் போடாதம்மா" என்றான் சிலம்பரசன். செந்தமிழ்ச்செல்வி ஸ்வெட்டரை மடித்துப் பைக்குள் வைத்தாள். கீழே வந்து சாவியை மேசையில் வைத்தாள்.

"நீயாம்மா போன் பண்ண?"

"ரூல்ஸுக்கா..."

"புருஷன் பொண்டாட்டின்னு இப்ப நம்பிட்ட இல்ல?"

ஞாயிறு வந்த முதலாளி பதிவேட்டைப் புரட்டினார். உள்ளூர் முகவரியில் விரல் நின்றதும், வீட்டுக்கே போன் செய்து விசாரித்ததைச் சொன்னேன். "சரிபாத்தியா? கெட்டிக்காரி." என் வேலை பத்திரமாக இருக்கிறது.

5

முடிவு அ: வீராயி சன்னலைத் திறக்கிறார், காற்று முகத்தில் அடிக்கிறது, தானும் இரண்டு நாள் தங்கிவிடுகிறார். (படிக்க நன்றாக இருக்கும். பொய்.)

முடிவு ஆ: கூடத்தின் நடுவே தடுப்புச் சுவர் எழுப்புகிறார்கள். (எனக்கு மனசு உறுத்தாமலிருக்க எழுதியது.)

கம்பெனி வாசலில் குல்லாவை வாங்கிக்கொண்டபோது அவள் சொன்னது: "இப்பல்லாம் வண்டியிலயும் பேசறதில்ல. நடுவுல அத்தையும் ஒக்காந்துருக்கற மாதிரியே இருக்குது."

இதை முடிவாக வைக்க எனக்குக் கை வரவில்லை. அதனால் வியாழக்கிழமைக்கே திரும்பிப் போகிறேன். மணி ஐந்து பத்து. இந்த முறை மேசையில் நீங்கள் உட்காருங்கள். பதிவேடு திறந்திருக்கிறது. முதலாளி ஞாயிறு வருவார். உங்கள் வேலை போனாலும் போகலாம். மாடியில் கதவு சாத்தியிருக்கிறது. உள்ளே இரண்டு பேர் மெதுவாகப் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

ஒன்பது இலக்கங்களை நான் அழுத்திவிட்டேன். பத்தாவது உங்களுடையது.